இர்மா கொடுத்த ஆயில்

இர்மா கங்காஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் பைக்கின் கியர்பாக்ஸில் ஆயில் ஊற்றுவதில்லை. கேட்டால் திட்டு விழும், அது வேறு விஷயம். சுப்பீரியர் ஏரியின் இந்தக் கரையில் இருக்கும் ஒரே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், கவுன்டருக்குப் பின்னால் தலை நரைக்கும்வரை நின்றவள். அவள் திட்டினால்தான் ஆயிலுக்கே ஒரு ராசி என்று நினைக்கிறவர்கள் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை திட்டு வாங்க வந்தவர் லெராய். அறுபது தாண்டியவர். அரசாங்கத்துக்குப் பனி அள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். குளிர்காலம் வந்துவிட்டால் உறைந்த பெர்ச் ஏரியின்மேல் ஆணி பதித்த டயர் பைக்கில் சுற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தள்ளுபடி அலமாரியிலிருந்து பளபளப்பான கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இர்மா, இது பாதி விலைக்குப் போட்டிருக்கு. கார் ஆயில்தான். ஆனா பெட்ரோல் மிச்சமாகும்னு எழுதியிருக்கு. நாளைக்கு ரேசுக்கு இத ஊத்தட்டுமா?"

"தாராளமா ஊத்து. ஊத்திட்டு பைக்க தள்ளிக்கிட்டே ஓடு. பெட்ரோல் நல்லாவே மிச்சமாகும்."

"சரி, ஏன்னு சொல்லிட்டுத் திட்டேன்."

"எத்தன வருஷமா சொல்றேன், மண்டைல ஏறுதா உனக்கு? கார்ல கிளட்ச் தனியா காஞ்சு கிடக்கும். நம்ம பைக்ல கிளட்ச் தட்டும் கியரும் ஒரே ஆயில்லதான் குளிக்குது. இதுல வழுக்குறதுக்கு மருந்து கலந்திருக்கான். கியருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா தட்டு ஒண்ண ஒண்ணு பிடிக்காது. நீ ஆக்சிலேட்டர முறுக்குவ, எஞ்சின் கத்தும், வண்டி நகராது."

"எங்க வீட்ல என் பேச்சு மாதிரின்னு சொல்லு. நான்தான் கத்துவேன், ஒண்ணும் நகராது."

இர்மா சிரித்துவிட்டாள். பழைய காலத்து ஆட்டோமேட்டிக் கார்களுக்கு ஊற்றும் சிவப்பு ஆயில் ஒரு கேன் எடுத்து அவர்முன் வைத்தாள். கடுங்குளிரிலும் கெட்டியாகாது. வழுக்கும் மருந்து ஒரு சொட்டுகூடக் கிடையாது. பெர்ச் ஏரியில் ஓடுகிற அத்தனை பைக்கிலும் அதுதான். அதைக் கண்டுபிடித்து எல்லார் தலையிலும் கட்டியவளே இர்மாதான்.

லெராய் போனதும் கடையில் ஆள் இல்லை. இர்மா பின் அலமாரிக்குப் போய், உள்ளங்கையில் அடங்குகிற சின்ன பாட்டில் ஒன்றை எடுத்தாள். பிக்கப் வண்டிகளின் பின் அச்சுக்குள் இருக்கும் தட்டுகள் கடித்துக்கொண்டு முனகாமல் இருக்க ஊற்றுகிற மருந்து அது. தட்டுகள் வழுக்க வேண்டும் என்பதற்காகவே செய்தது. திறந்தால் கெட்டுப்போன மீன் எண்ணெய் நாற்றம் அடிக்கும். அவள் புருஷன் டேலின் பிக்கப் அப்போது முனகவில்லை. இருந்தாலும் பாட்டிலுக்குக் காசைப் போட்டுவிட்டு அதைக் கோட்டுப் பையில் நழுவவிட்டாள். தன் கடையிலேயே திருடியவள் மாதிரி அவளுக்கு முகம் சுட்டது.

போன வருடம் இதே பெர்ச் ஏரி ரேசில், மகள் சென்யா வளைவில் விழுந்தாள். பின்னால் வந்தவனால் நிறுத்த முடியவில்லை. ஐஸைக் கடிக்க வைத்திருக்கும் ஆணிகள் அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே ஏறிப்போயின. தலையில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இர்மாதான் முதலில் ஓடிப்போய்த் தன் மப்ளரால் கட்டுப்போட்டவள். அந்த மப்ளரைத் துவைத்தும் பார்த்தாள், கடைசியில் அடுப்பில் போட்டாள்.

கை பிழைத்தது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மட்டும் உணர்ச்சி முழுக்கத் திரும்பவில்லை. மடக்கலாம், நீட்டலாம், ஆனால் ஏதோ உறையைப் போட்டுக்கொண்டு தொடுகிற மாதிரிதான் இருக்கிறது என்றாள் சென்யா. கோடை முழுக்க ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே திரிந்தாள். கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்குத் திரும்பினாள். வரும் வசந்தத்தில் அறுவை சிகிச்சை உதவிக்கான பயிற்சியில் சேரச் சொல்லி டாக்டரே கூப்பிட்டிருந்தார். அதெல்லாம் இர்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஏரி உறைந்ததும் சென்யா ஷெட்டுக்குப் போய் பைக்கின்மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டபோது, இர்மா ஜன்னலிலிருந்து திரும்பிப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

"வாயைத் திறந்து சொல்லேன்" என்றான் டேல். "ஊரையே திட்டுற. பெத்த பொண்ணுகிட்ட 'ஓட்டாதடி'னு சொல்ல நாக்கு வரலயா?"

"சொன்னா கேட்பாளா அவ?"

"யாரு வளத்தது?"

சென்யாவுக்குப் பத்து வயதில் முதல் பைக்கை வாங்கி, கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தது டேல் இல்லை. விழுந்து எழுந்து அழுதவளிடம், "அழுது முடிச்சிட்டு ஏறு" என்று சொன்னதும் டேல் இல்லை. அப்படி வளர்த்துவிட்டு இப்போது பயப்படுகிறேன் என்று சொல்ல இர்மாவுக்கு வெட்கமாக இருந்தது. உண்மை அவ்வளவுதான். அந்த வெட்கத்தில்தான் அவள் பாட்டிலை வாங்கினாள்.

சனிக்கிழமை காலை ஏரியின்மேல் காற்று முகத்தை அறுத்தது. இர்மாவின் கூடாரத்துக்குள் விறகடுப்பு எரிந்தது. அடுப்பின்மேல் பெரிய அலுமினியப் பாத்திரம், அதில் வெந்நீர், வெந்நீருக்குள் சிவப்பு ஆயில் கேன்கள். ரேஸ் அன்று காலையில் பழைய ஆயிலை வடித்துவிட்டுச் சூடான புது ஆயில் ஊற்றிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அது இர்மாவின் பாத்திரத்திலிருந்துதான் வரவேண்டும். ஒவ்வொருவராக வந்து கேனைத் தூக்கிக்கொண்டு, ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டை வாயில் திணித்துக்கொண்டு போனார்கள்.

சென்யாவின் பைக்குக்கு மட்டும் இர்மாவே ஊற்றுவாள். சென்யா புனலைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு இர்மா, "கையில கிளவுஸ் போட்டு சூடு பண்ணிக்கோ, நானே பாத்துக்கிறேன்" என்று அவளை அடுப்புப் பக்கம் அனுப்பிவிட்டாள்.

"அம்மா இன்னிக்கு என்ன இவ்ளோ பாசமா இருக்கா?" என்று சென்யா லெராயிடம் கேட்டாள்.

"கடைசி வார ரேஸ் இல்லையா, அதான். அடுத்த வருஷம் வரைக்கும் திட்ட ஆள் கிடைக்காதுனு இப்பவே ஏங்கிப்போச்சு."

இருவரும் சிரிப்பது இர்மாவுக்குக் கேட்டது. அவள் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். முதலில் சின்ன பாட்டில், அதன்மேல் சிவப்பு ஆயில். விறகுப் புகையும் பெட்ரோல் வாடையும் மீன் நாற்றத்தை அமுக்கிவிட்டன. திருகை இறுக்கிவிட்டு, காலி பாட்டிலைக் கோட்டுப் பைக்குள் திரும்பத் தள்ளினாள். ஊரில் இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் எது சரி என்று சொன்னவள், சொந்த மகளுக்குத் தெரிந்தே தப்பானதை ஊற்றியிருந்தாள். இது அவள் நன்மைக்குத்தான் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைக்குத் தெரியாமல் சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுக்கிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள் என்று தோன்றியது.

அவள் போட்ட கணக்கு சின்னதுதான். பைக் இழுக்காது. சென்யா கடைசியாக வருவாள், எரிச்சல்படுவாள். சனிக்கிழமை எடுக்கிற இடத்தை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை இறுதி ரேசில் எந்த வரிசையில் நிற்பது என்று முடிவாகும். கடைசி வரிசையில் நிற்பதைவிட வீட்டில் இருக்கலாம் என்று ரோஷக்காரி விலகிவிடுவாள். அப்புறம் ஐஸ் உருகிவிடும். அடுத்த குளிர்காலத்துக்குள் வாயைத் திறந்து சொல்லிக்கொள்ளலாம்.

கொடி இறங்கியது. மற்ற பைக்குகள் ஐஸ் தூளை வாரி இறைத்துக்கொண்டு பாய்ந்தன. சென்யாவின் எஞ்சின் வீறிட்டது, பைக் நொண்டியது. இரண்டாவது வளைவுக்குள் அவள் தனியாகிவிட்டாள். அடுத்த ஓட்டத்திலும் அப்படியே. மூன்றாவதில் அவள் பாதியிலேயே ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் பனிமேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

லெராய் பைக்கைச் சுற்றிவந்து மூக்கை உறிஞ்சினார். "கிளட்ச் கருகின வாடை அடிக்குதே. வழுக்குதோ?"

"தட்டு புதுசு. போன மாசம்தான் மாத்தினேன்" என்றாள் இர்மா. சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை.

"அப்ப ஆயிலா?" என்றவர் தானே சிரித்துக்கொண்டார். "சேச்சே, இர்மா ஊத்தின ஆயிலச் சந்தேகப்பட்டா ஊர விட்டே தள்ளி வெச்சிருவாங்க."

சென்யா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "பைக்ல ஒண்ணும் இல்ல மாமா. என் கைதான்." இடது கையின் கிளவுஸை உருவி அந்த இரண்டு விரல்களையும் நீட்டிப் பார்த்தாள். "லீவர விட்டுட்டேன்னு நினைக்கிறேன். ஆனா விடல போல. இது ரெண்டும் அது மேலயே படுத்துக் கிடக்கு. கிளட்ச் பாதி அமுங்கியே இருக்கு, எனக்கே தெரியல."

லெராய் குனிந்து பைக்கில் ஒட்டியிருந்த ஐஸைத் தட்டிவிட்டார். இர்மாவுக்கோ காலுக்கடியில் ஐஸ் விட்டுப்போன மாதிரி ஆயிற்று. இதை அவள் யோசிக்கவே இல்லை. எத்தனையோ யோசித்தவள், இதை மட்டும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீடுகளில் சௌனா என்கிற நீராவிக் குளியல் அறை சூடாகும். சாவு விழுந்தாலும் அது நிற்காது. தாயும் மகளும் மேல் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். இர்மா சுட்ட கற்களின்மேல் தண்ணீரை வீசினாள், ஆவி சீறி எழுந்து காதைச் சுட்டது. சென்யா முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்தாள். அழுகிறாள் என்பது தோள் குலுங்குவதில்தான் தெரிந்தது. அந்த ஆவியில் கண்ணீர் எது, வியர்வை எது என்று பார்க்க முடியாது.

"பைக்க லெராய் மாமாவுக்கே குடுத்துடலாம்மா. அவருதுல எஞ்சின் செத்துக்கிட்டு இருக்கு."

"அவசரப்படாத."

"அவசரம் இல்ல. பைக் போனா போவுது. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட சொல்லிடப் போறேன், அந்தப் பயிற்சிக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி."

மகளின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த இர்மாவின் துணி நின்றது. "அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஒரு நாயோட வயித்தத் திறந்து வெச்சிட்டு, பிடிச்சேனா விட்டேனானு தெரியாத கைய எப்படிம்மா உள்ள விடுறது? இத்தன நாளா சரியாயிடுச்சுனு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பொய் சொல்லியிருக்கேன். வேணும்னு சொல்லல, ஆனா பொய்தான்."

"உன் கை நல்லாத்தான் இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயும் திறந்தது. ஆனால் சௌனாவின் சூட்டில், ஒட்டுத் துணி இல்லாமல், மகளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல இர்மாவுக்குத் தைரியம் வரவில்லை. "பெத்தவளுக்குத் தெரியும்" என்று எதையோ சொல்லிவிட்டு, மறுபடி முதுகைத் தேய்த்தாள். தோள்பட்டை, முதுகெலும்பு, இடுப்பு. குழந்தையில் தேய்த்த அதே வரிசை. தன் கையை அங்கேயே வெட்டிப் போட்டுவிடலாம் என்று இருந்தது அவளுக்கு.

சாப்பாட்டு மேஜையில் இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி ஆறிக்கொண்டிருந்தது. சென்யா முள்கரண்டியின் முனையால் தன் ஆள்காட்டி விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் அழுத்திக் குத்தினாள். அப்புறம் இன்னும் அழுத்தி. டேல் எட்டி அந்தக் கரண்டியை வாங்கித் தூர வைத்தான். அவள் எழுந்து போனபின், மனைவியைப் பார்த்தான்.

"நீ வேண்டிக்கிட்டது நடந்துருச்சு. இனிமே அவ ஓட்ட மாட்டா. அப்புறம் ஏன் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்க?"

இர்மா தட்டுகளை அடுக்கினாள். ஓட்டமாட்டாள், உண்மைதான். இனி எந்த ஆணி டயரும் அவள்மேல் ஏறாது. சும்மா இருந்தால் போதும், கேட்டதெல்லாம் கையில் இருக்கிறது. அதற்கு விலையாக அந்தப் பெண் தன் கையையே நம்பாமல் காலம் தள்ளுவாள். ஊசியில் நூல் கோக்கும்போதும், காரில் கியர் போடும்போதும், நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அதைத் தூக்கும்போதும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு சின்ன பாட்டில் அத்தனையையும் வழுக்கவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சென்யா காப்பிக் கோப்பையோடு ஷெட்டுக்கு வந்தாள். பைக்கிலிருந்து தன் எண் பலகையைக் கழற்றத்தான் வந்தாள். இர்மா அங்கே முன்னமே இருந்தாள். பைக்கின் அடியில் ஆயில் வடியும் தட்டை வைத்து, திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சிவப்பு ஆயில் கருத்துப்போய்ச் சொட்டியது.

"இப்ப எதுக்கும்மா இது? லெராய் மாமாவே மாத்திக்குவாரு."

"இங்க வா. இத மோந்து பாரு."

"என்னத்த? தட்டு கருகின நாத்தம்தான்."

"அதுக்கும் அடியில."

சென்யா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினாள். ஒரு விரலை நனைத்து மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுளித்தது, அப்புறம் நெற்றி சுருங்கியது. அப்பாவோடு எத்தனையோ தடவை பிக்கப்பின் கீழே படுத்து வேலை செய்தவள் அவள்.

"மீன் நாத்தம். இது அப்பா வண்டிக்குப் பின்னாடி ஊத்துறதுல்ல?"

"ஆமா."

"இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?" அவள் கண்கள் விரிந்தன. "கேன்லயே கலந்து வந்துருச்சா? கடைல எவனாவது மாத்தி ஊத்தி வெச்சிட்டானா?"

பெற்ற மகள் தப்பிக்க வழியைத் திறந்துவிட்டு, அதில் போகச் சொல்லிக் காத்திருந்தாள். இர்மாவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் மகளுக்குக் கையும் திரும்பக் கிடைக்கும், தன் பேரும் கெடாது. கடைப் பையன் ஒருவனைத் திட்டித் தீர்த்தால் கதை முடிந்தது. அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. வந்ததற்காகவே அவள் தன்னை வெறுத்தாள்.

"எவனும் மாத்தல. நான்தான் ஊத்தினேன். தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

சென்யா தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். மடக்கினாள், விரித்தாள். ஒரு சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது, சின்னப் பிள்ளையின் சிரிப்பு.

"அப்ப என் விரல் விட்டுச்சு."

"விட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் சரியா விட்டுச்சு."

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவள் எழுந்து நின்றாள். கத்துவாள் என்று இர்மா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நேத்து நான் அழுதுக்கிட்டு இருந்தேன். நீ என் முதுகத் தேச்சிக்கிட்டு இருந்த."

இர்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தேச்சிக்கிட்டே இருந்தம்மா. எல்லாம் தெரிஞ்சு வெச்சிக்கிட்டு."

"பயந்துட்டேன்டி."

"பயந்தா வாயால சொல்லணும். 'ஓட்டாத'னு ஒரு வார்த்தை."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். ஆனா நீ சொல்லியிருக்கணும்."

"இப்ப சொல்றேன். ஓட்டாத சென்யா. எனக்கு உசுரே போவுது."

"இப்ப சொல்ல உனக்கு உரிமை கிடையாது." சென்யா கோப்பையை எடுத்து மிச்சக் காப்பியை வெளியே பனியில் கொட்டினாள். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. கடைக்கு வருகிறவர்களின் குரல் அது. "கிளட்ச் தட்டெல்லாம் இந்தச் சனியனக் குடிச்சிருக்கும். வேற செட் இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துக் குடு. நானே மாத்திக்கிறேன்."

அவள் மாற்றினாள். இர்மா ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள், கேட்டதை மட்டும். டேல் வாசலில் வந்து நின்றான். இரண்டு முகத்தையும் பார்த்தான், தட்டில் இருந்த ஆயிலைப் பார்த்தான், மூக்கைப் பொத்தினான். அவனுக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய் வண்டியைச் சூடேற்றினான்.

ஏரியில் கூடாரம் நிரம்பியிருந்தது. கடைசி நாள் என்பதால் எல்லோருக்கும் வாய் நீளம். பாத்திரத்தைச் சுற்றி ஆட்கள் நின்று கேன்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வந்து, "இர்மா, இதுதானே எனக்கு?" என்று கேட்டான். இர்மா அவனைத் திட்டாமல், "ஆமா, அதுதான்" என்றாள். அவன் பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று விசாரித்தான்.

சென்யா பைக்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இர்மா ஒரு புது கேனை வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்தாள். மூடியின் முத்திரை அப்படியே இருந்தது. அது மகளின் கண்ணில் படும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு, அவள் முன்னாலேயே உடைத்தாள். புனலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது சென்யா கையை நீட்டினாள்.

"குடு."

கேனை வாங்கி, மூடியைக் கழற்றி, மூக்கருகே வைத்து நிதானமாக மோந்து பார்த்தாள்.

லெராய் அடுப்போரத்திலிருந்து சத்தமாகச் சிரித்தார். "அடிப்பாவி! இர்மா குடுத்த ஆயிலையே மோந்து பாக்குறியா? கேட்டுக்கோங்கப்பா, உலகம் முடியப் போவுது!"

கூடாரமே சிரித்தது. இர்மாவின் கழுத்திலிருந்து காதுவரை ரத்தம் ஏறியது. இப்போது சென்யா சொல்லிவிடலாம். சொன்னால் அவள்மேல் தப்பே இல்லை. எல்லாரும் கேட்க, இந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துச் சொல்லலாம். இர்மா அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

"சும்மாதான் மாமா" என்றாள் சென்யா. "சூடு சரியா இருக்கானு பாத்தேன்."

"மூக்கால சூடு பாக்குறவள இப்பத்தான் பாக்குறேன்."

"உங்க பைக்க மோந்தா தெரியும், எஞ்சின் எப்ப செத்துச்சுன்னு."

மறுபடி சிரிப்பு. அந்தச் சத்தத்துக்குள் சென்யா கேனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "ஊத்து" என்றாள். புனலைப் பிடித்துக்கொண்டாள். ஊற்றி முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்க இர்மாவுக்குத் துணிவில்லை. புனலைப் பிடித்திருந்த அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டு ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கொடி ஏறும் நேரத்தில் இர்மா எப்போதும் கூடாரத்துக்குள்தான் இருப்பாள். போன வருட விபத்துக்குப் பின் அடுப்பைக் கிளறுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொள்வது பழக்கமாகியிருந்தது. அன்றைக்கு அவள் வெளியே வந்து பனிமேட்டின்மேல் ஏறி நின்றாள். முன்னால் மூன்று வரிசை பைக்குகள் உறுமின. சென்யா நான்காவதில், ஓரத்தில். எல்லா ஆணிச் சக்கரங்களும் அவளுக்கு முன்னால் இருந்தன. அத்தனையையும் தாண்டித்தான் அவள் போகவேண்டும். இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஓட்டிய ஓட்டத்துக்கு முதல் வரிசையே கிடைத்திருக்கும். இங்கே கொண்டுவந்து நிறுத்தியது யாரென்று ஏரியில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

சென்யா தலையைத் திருப்பிப் பனிமேட்டைத் தேடினாள். அம்மாவைக் கண்டதும் இடது கையை லீவரிலிருந்து எடுத்து, விரல்கள் ஐந்தையும் விரித்துக் காட்டினாள்.

"உனக்குத்தான் டாட்டா காட்டுறா, பாரு" என்றார் பக்கத்தில் வந்து நின்ற லெராய்.

இர்மாவும் கையைத் தூக்கினாள், பாதிவரை. அது டாட்டாவா, பார்த்துக்கொள் என்பதா, மன்னித்தேன் என்பதா, மன்னிக்கவில்லை என்பதா, அவளுக்குத் தெரியவில்லை. கேட்கிற தகுதியும் தனக்கு இல்லை என்று நினைத்தாள். விரல்கள் மறுபடி லீவரில் படிந்தன.

கொடி இறங்கியது. கிளட்ச் கவ்வியது, பைக் பாய்ந்து, முன்னால் போன ஆணிகளின் ஐஸ் புழுதிக்குள் புகுந்தது. லெராய் "அப்படிப் போடு!" என்று கத்தினார். கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும் என்று இர்மாவின் உடம்பு முழுக்கக் கெஞ்சியது. மகளை அந்தக் கடைசி வரிசையில் நிறுத்தியவள் தானே என்பதால், இர்மா மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.